இடது சுண்டுவிரல்

என் அண்ணி வீட்டில் வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. உள்ளே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கழன்று விழுந்த அன்று, என் அண்ணன் அந்தத் திருகாணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து மேலே வர்ணமும் பூசினான். புதுத் தாழ்ப்பாள் போடவில்லை. "வீட்ல இருக்கிறது நாம ரெண்டே பேரு. யாருக்குப் பயந்து தாழ்ப்பாள்?" என்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். தாழ்ப்பாள் போடுவது அவனுக்கு டீ ஆறுகிற நேரத்து வேலை. வேலை தெரியாதவன் போடாமல் விட்டால் போகட்டும் என்று விடலாம். தெரிந்தவன் மெனக்கெட்டு ஓட்டையை அடைத்தால் அதற்கு என்ன பெயர்? எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அதற்காக அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். அப்படி ஏதாவது செய்திருந்தாலாவது அண்ணிக்கு நாலு பேரிடம் சொல்லி அழ ஒரு காரணம் இருந்திருக்கும். அவன் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். உள்ளங்கையில் இருக்கிறவளுக்கு இறங்கி நடக்க வேண்டும்போல இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் "நகமும் சதையுமா இருக்காங்க" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

லிஃப்ட்காரர்களிடம் முக்கோண வாய் வைத்த ஒரு சாவி இருக்கும். எந்த மாடியிலும் லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறந்துவிடலாம். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் அண்ணன் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பான். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதுமே அடங்கிவிடுவார்களாம். அண்ணி குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானாலும் குளியலறைக்கு வெளியே அதே குரல்தான். "என்னம்மா, ஒண்ணுமில்லையே? நான் இங்கதான் இருக்கேன்."

அண்ணிக்கு வேலை உண்டு. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசுகிற டாக்டர், ஓடுகிற மின்விசிறிக்கு அடியில் முணுமுணுக்கிற டாக்டர், யார் பேசினாலும் அண்ணிக்குப் புரியும். அந்த நிறுவனத்தில் யாருக்கும் விளங்காத பதிவுகளை அண்ணிக்குத்தான் அனுப்புவார்கள். எல்லாம் வீட்டிலிருந்தே. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப். அண்ணன் வீட்டில் இருந்தால் பக்கத்து நாற்காலியில் அவன்.

அந்த லேப்டாப் நான் கொடுத்தது. நான் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டில் எனக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் வைத்தது, தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் போகவில்லை. கூடத்தில் கழித்துக் கட்டிய லேப்டாப் ஒன்றைத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டு அண்ணிக்குக் கொடுத்தேன். பழைய இயந்திரம்தான் என்றாலும் குதிரை மாதிரி ஓடியது. விசைப்பலகைக்குப் பக்கத்தில் கைரேகை வைக்கிற ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அது மட்டும் வேலை செய்யவில்லை. யாருக்கு வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

லேப்டாப்பின் பாஸ்வேர்டு அண்ணனுக்குத் தெரியும். அண்ணி மாற்றிப் பார்க்காமல் இல்லை. மாற்றிய அன்றைக்கே அவன் சிரித்துக்கொண்டே, "புதுசு என்னம்மா? ஏதாச்சும் அவசரம்னா வேணும்ல?" என்று கேட்பான். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும், அடுத்த நொடி வாய் சொல்லிவிடும். கேட்டால் சொல்லிவிடுகிற ஜன்மம். எனக்கு அவள்மேலும் கோபம் வரும். ஆனால் அந்த நாற்காலியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

ஒரு நாள் வேலைப் பேச்சின் நடுவே சூப்பர்வைசர் மேடம் அண்ணியிடம், "நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே" என்றார். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அலுவலக அரட்டைப் பக்கத்தில் மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தாள். ஆபீஸுக்கே வந்து திருத்தும் பிரிவைப் பொறுப்பெடுத்து நடத்த முடியுமா என்று மேடம் கேட்டிருந்தார். அதன் கீழே அண்ணியின் பெயரில் ஒரு பதில். மிக்க நன்றி, வீட்டுச் சூழ்நிலை இடம் தரவில்லை, மன்னிக்கவும். பிழை இல்லாத, மரியாதையான பதில். அண்ணி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியது.

அண்ணன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. "ஆமா, நான்தான் போட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போகணும், உனக்கு இடுப்பு வலி வேற. நீயா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்ப. உன் சிரமம் மிச்சம்" என்றான். சொல்லிவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

இதை அண்ணி என்னிடம் சொன்னது அவர்கள் குடியிருப்பின் மாடிப்படியில். குப்பை வாளியை இறக்கி வைக்கும் சாக்கில் அவள் தனியாக நிற்கிற ஒரே இடம் அது. வாளியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா அத நான் சொல்லலையே, வாலு."

அண்ணனை அங்கேயே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம். அந்தக் கறுப்புக் கட்டத்த வேலை செய்ய வை."

"அது எதுக்கு அண்ணி?"

"பாஸ்வேர்ட கேட்டா சொல்லிடறேன். விரலக் கேட்டா எப்படிச் சொல்றது?"

அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். கைரேகைக்கான மென்பொருளைப் போட்டால், 'கருவி எதுவும் இல்லை' என்றது. கண்ணெதிரே இருக்கிற கட்டத்தை இல்லை என்று சொன்னால் கோபம் வருமா வராதா? அதன் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பழைய லினக்ஸுக்கு அந்த எண்ணைத் தெரியாது, புதிய பதிப்புக்குத் தெரியும் என்று புரிந்தது. மொத்த அமைப்பையும் புதுப்பிக்க விட்டுவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் கட்டத்துக்கு உயிர் வந்திருந்தது.

அப்புறம்தான் உண்மையான கூத்து. விரலைப் பல முறை வைத்து வைத்து எடுத்தால்தான் பதியும். அண்ணியின் வலது ஆள்காட்டி விரலை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. 'மீண்டும் வையுங்கள்', 'இன்னும் சற்று நேரம் வையுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"சூட்டுப் பாத்திரத்தத் தொட்ட மாதிரி வெடுக்குனு எடுக்காதீங்க அண்ணி. உங்க லேப்டாப்தானே, அழுத்தி வைங்க."

"அழுத்தினா ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

ஒருவழியாகப் பதிந்தது. அண்ணி திரையைப் பூட்டி, விரல் வைத்துத் திறந்தாள். மறுபடி பூட்டினாள், மறுபடி திறந்தாள். புது சைக்கிள் மணியை அடித்துப் பார்க்கிற குழந்தை மாதிரி நிறுத்தவே இல்லை.

நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. விரல் என்பது பக்கவாட்டுக் கதவுதான். பாஸ்வேர்டு என்கிற வாசல் கதவு எப்போதும் இருக்கும். மூன்று முறை விரல் தப்பினால் அதைத்தான் கேட்கும். அண்ணி யோசித்தாள். யோசித்து, அவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழியைச் சொன்னாள்.

"நீயே வாயில நுழையாத மாதிரி ஒண்ணு போடு. எங்கிட்ட காட்டாத. எனக்கே தெரியாதுன்னா, அவரு கேட்டா தெரியாதுன்னு நெஜத்தயே சொல்லிடலாம்ல?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் எழுத்தும் எண்ணும் குறியுமாக நீளமாக ஒன்றைத் தட்டி, என் கைபேசியில் குறித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு.

அண்ணன் வந்ததும் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனா கோபப்படுவான்? கருவி என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. "அட, இது வேலை செய்யுதா! கில்லாடிடி நீ" என்று என் தலையில் தட்டினான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என் விரலையும் சேத்துடு."

"ஒருத்தர் விரலத்தான்ணா எடுக்கும்" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தான். அமைப்புப் பக்கத்தில் எந்த விரலைச் சேர்க்க வேண்டும் என்று பத்து விரல்களின் பெயரும் வரிசையாக இருந்தன. "பத்து எடம் இருக்கே. இவ ஒண்ணுதான் வச்சிருக்கா. ஒம்பது சும்மாதானே கெடக்கு?" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டியாம்மா?"

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சிவந்தது. "இந்தக் கடைசி இருக்கு பாருங்க, அதுல வச்சுக்குங்க" என்றாள். கடைசியில் இருந்தது இடது சுண்டுவிரல்.

அப்படித்தான் அண்ணனின் தடித்த வலது கட்டைவிரல் அண்ணியின் இடது சுண்டுவிரல் ஆனது. அந்தப் பெயரில் யாருடைய விரல் வந்து உட்காருகிறது என்று லினக்ஸ் கேட்பதில்லை. வைத்த விரலை அவளுடையது என்று நம்பிக்கொள்ளும். ஒரு முறைகூடப் பிசகாமல் அவன் விரல் பதிந்தது. அழுத்தி வைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, இங்கே இடத்தையும் அவன் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிக்கொண்டான். நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அண்ணியின் கைகள் நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறுகிறவை. பாத்திரம் துலக்கிவிட்டு வந்து விரல் வைத்தால் கட்டத்துக்கு அவளை அடையாளம் தெரியாது. துடைத்து வைத்தாலும் தெரியாது. மூன்று முறை தப்பினால் பாஸ்வேர்டு கேட்கும். அது அவளுக்குத் தெரியாது. என்னைக் கூப்பிட்டால் நான் பாதி நேரம் வகுப்பில் இருப்பேன். பக்கத்திலேயே ஒரு கட்டைவிரல் இருந்தது, ஒருபோதும் தப்பாத விரல்.

"ஏங்க, கொஞ்சம் விரல் வைங்களேன்."

முன்பெல்லாம் அவளுக்குத் தெரியாமல் அவன் திறந்தான். இப்போது அவளே கூப்பிட்டுத் திறக்கச் சொன்னாள். அவன் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். விரலை வைத்துவிட்டு, "நான் இங்கதானே இருக்கேன்" என்பான். ஒரு தடவை நானே இதைக் காதால் கேட்டேன். அன்று அவர்கள் வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்தேன். வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது.

"அந்தச் சனியன் பிடிச்ச பாஸ்வேர்ட சொல்லிடறேன், வச்சுக்குங்க அண்ணி" என்று மாடிப்படியில் கெஞ்சினேன்.

"தெரிஞ்சா சொல்லிடுவேன் வாலு. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவள் பயந்தது அவனுக்கு இல்லை, தன் வாய்க்கு. இதற்கு நான் என்ன மருந்து சொல்வது?

இப்படியிருக்கையில் சூப்பர்வைசர் மேடம் ஒரு நாள் காலையில், அண்ணன் வேலைக்குப் போன பிறகு, அண்ணியைக் கைபேசியில் அழைத்தார். திருத்தும் பிரிவுக்கு வந்தவர் நிற்கவில்லை, இடம் மறுபடி காலி. "இன்னிக்கு மத்தியானம் பெரியவங்க வீடியோல பேசுவாங்க. இந்தத் தடவை எழுதி அனுப்புறதெல்லாம் வேண்டாம். வேணுமோ வேண்டாமோ, உங்க வாயால கேக்கணும். நீங்க வரலன்னா அடுத்தவங்கள எடுத்துடுவாங்க" என்றார். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் அலுவலகக் கணக்கு அந்த லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும்.

அண்ணி முன்கூட்டியே லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். நேரம் இருக்கிறதே என்று மிச்சப் பாத்திரங்களைத் துலக்கப் போனாள். வேலை கிடந்தால் கை சும்மா இருக்காத பிறவி. திரும்பி வந்தபோது திரை தானாகவே பூட்டிக்கொண்டிருந்தது. விரல் வைத்தாள். தெரியாது என்றது. துடைத்து வைத்தாள். தெரியாது. அடுப்புச் சூட்டில் காட்டிவிட்டு வந்து வைத்தாள். பாஸ்வேர்டு என்றது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தான். தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவான்.

"சாப்ட்டியாம்மா? நான் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணுது. ஏதாச்சும் வேணுமா? வந்துட்டுப் போகவா?"

ஏங்க, ஒரு நிமிஷம் வந்து விரல் வைங்களேன். சொல் நாக்கு நுனியில் நின்றது என்று அண்ணி பிற்பாடு சொன்னாள். அவன் வருவான், திறப்பான், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் "வேண்டாம்" என்பாள். இந்தத் தடவை அவள் வாயாலேயே சொல்லியிருப்பாள்.

"ஒண்ணும் வேண்டாங்க. சாப்ட்டேன்" என்று வைத்துவிட்டாள். சாப்பிடவில்லை. அவள் சொல்லி நான் கேள்விப்பட்ட முதல் பொய் அதுதான்.

நான் அப்போது கூடத்தில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன். கைபேசி சத்தமில்லாமல் மேசையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை நடுங்கியதும் கதவுக்கு வெளியே ஓடினேன்.

"வாலு, பாஸ்வேர்ட சொல்லு."

தாழ்வாரத்தில் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் யாரோ சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாக, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சேர்த்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஒன்றைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். கடைசி எழுத்து முடிந்ததும், "தெறந்துடுச்சு" என்றாள். டாக்டர்களின் முணுமுணுப்பையே எழுத்தாக்குகிறவளுக்கு இது எம்மாத்திரம்!

"சீக்கிரம் மீட்டிங்குக்குப் போங்க."

"இன்னும் நேரம் இருக்கு. இத மாத்தறது எப்படி? அந்தச் சுண்டுவிரல எடுக்கறது எப்படி?"

சொன்னேன். பழைய பாஸ்வேர்டை ஒரு தடவை, புதியதை இரண்டு தடவை தட்ட வேண்டும். விரல் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டால் நீக்கட்டுமா என்று கேட்கும். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"புதுசு என்ன வச்சீங்க அண்ணி? சொல்லுங்க, நான் குறிச்சு வச்சுக்கறேன்."

"உனக்கு எதுக்கு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தவளுக்கு இதுவா என்று ஒரு நொடி வீம்பு வந்தது. பிறகுதான் உறைத்தது, அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. அண்ணனிடம் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்க்க நான் நல்ல ஆள்தான்.

மாலையில் மனசு கேட்காமல் அங்கே போனேன். அண்ணன் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி அவனுக்கு டீயை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"ஆபீஸ்லேர்ந்து மறுபடி கேட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து போகணும்."

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தான். கோபமே இல்லை. "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றான், பிள்ளை கீழே விழுந்ததைப் பார்த்த மாதிரி. "ரெண்டு பஸ்ஸு, இடுப்பு வலி, எல்லாம் யோசிச்சியா? சரி, பரவால்ல. நீ சங்கடப்படாத. மேடத்துக்கு நான் பக்குவமா எழுதிடறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டைவிரலைக் கறுப்புக் கட்டத்தில் வைத்தான். பொருந்தவில்லை என்றது. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். பொருந்தவில்லை. இன்னொரு முறை நன்றாக அழுத்தி வைத்தான். பாஸ்வேர்டு கேட்டது.

"என் விரலுக்கு என்ன ஆச்சு?"

"அது உங்க விரல் இல்ல. என் இடது சுண்டுவிரல்" என்றாள் அண்ணி. "நான் எடுத்துட்டேன்."

அவன் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று. "சரி, பாஸ்வேர்டு என்ன? வாலு, நீ சொல்லு."

"எனக்குத் தெரியாதுண்ணா."

"உனக்கும் தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

அண்ணியின் காது சிவந்தது. முகம் முழுக்கச் சிவந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டால் சொல்லிவிடுகிறவள் அல்லவா?

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அண்ணன் விசைப்பலகையின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அண்ணி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.